புதுப் பூச்சுக்கு எந்த பிரைமர்? காரிமங்கலம் வீட்டில் செய்து பார்த்தது

வெளிப்பூச்சு முடிந்த 12-ஆம் நாளே பெயிண்டர் வந்துவிட்டார். "சுவர் காஞ்சிடுச்சுண்ணா, இன்னைக்கே பிரைமர் அடிச்சிடலாம்" என்றார். பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிக்கோட்தான் பிரைமர். தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் பழைய வீட்டில் இப்படி அவசரப்பட்டு அடித்த மேற்குச் சுவர், ஒரே மழைக்காலத்தில் பொருக்குப் பொருக்காக உரிந்ததை நான் மறக்கவில்லை.

அன்று சாயங்காலம் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டினேன். மறுநாள் காலை தாளின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். பெயிண்டர் பார்த்ததும், "சரிண்ணா, பொறுத்தே அடிக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

ஈரம் ஒன்றுதான் பிரச்சினை என்றால் காத்திருந்தால் போதும். ஆனால் காரமும் இருக்கிறது. சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது உள்ளே சுண்ணாம்பும் உண்டாகிறது. அதனால் புதுப் பூச்சின் பிஎச் அளவு (7-க்கு மேலே போகப் போகக் காரம் அதிகம்) 12-க்கும் மேலே இருக்கும். அந்தச் சுண்ணாம்பு ஈரத்தோடு வெளியே வந்து காற்று பட்டதும் வெள்ளையாகப் பூக்கிறது. நாம் உப்பு பூத்துவிட்டது என்கிறோம். காரம் இருக்கிறதா என்று பார்க்க அம்மாதான் வழி சொன்னார்: "ஆரத்தித் தட்டுல மஞ்சளோட சுண்ணாம்பு சேர்ந்தா செவக்குதில்ல, அதையே சுவத்துல தடவிப் பாரேன்." மஞ்சள்தூளைக் குழைத்துத் தடவினேன். நொடியில் குங்குமச் சிவப்பு!

13-ஆம் நாள் பின்பக்கச் சுவரில் மூன்று பட்டைகள் அடித்து வைத்தேன்: ஒயிட் சிமெண்ட், வீட்டில் மிச்சமிருந்த ஆயில் பிரைமர், காரம் தாங்கும் என்று டின்னில் போட்டிருந்த அக்ரிலிக் எக்ஸ்டீரியர் பிரைமர். ஈரச் சுவரில் வேண்டுமென்றேதான் அடித்தேன். மோசமான நிலையில் எது நிற்கிறது என்று தெரிய வேண்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை மூன்றின் மேலும் தண்ணீர் ஊற்றி வந்தேன்.

30-ஆம் நாள் பார்த்தபோது ஒயிட் சிமெண்ட் நன்றாகப் பிடித்திருந்தாலும் கை வைத்தால் மாவு ஒட்டியது. ஆயில் பிரைமர் பிசுபிசுத்து, நகம் பட்டதும் தோலாக வந்தது. எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சோப்பு. சுவரிலும் அதுதான் நடந்திருக்கிறது. புதுப் பூச்சில் அதை யாரும் அடிக்க வேண்டாம். அக்ரிலிக் பட்டையில் கீழ் மூலையில் மட்டும் லேசாக உப்பு, மற்ற இடமெல்லாம் இறுக்கம். அதையே வாங்கினேன்.

பாலிதீன் தாள் ஈரமில்லாமல் வந்தது 33-ஆம் நாள். மஞ்சள் அப்போதும் சிவந்தது, ஆனால் முன்பு போல் பளிச்சென்று இல்லை. பூத்திருந்த உப்பைத் தண்ணீர் படாமல் தேங்காய் நார் பிரஷால் தேய்த்து உதிர்த்தோம். கழுவினால் காய்ந்த சுவர் திரும்பவும் ஈரமாகிவிடும். பிறகு உப்புத்தாள் போட்டுத் தூசி தட்டினோம். மேற்குச் சுவரை வெயில் ஏறும் முன் காலையிலும், கிழக்குச் சுவரை மதியத்துக்கு மேலும் அடித்தோம். டின்னில் போட்ட அளவுக்கு மேல் ஒரு சொம்பு தண்ணீர்கூடச் சேர்க்க விடவில்லை. அதில் மட்டும் நான் பிடிவாதமாக நின்றேன்.

நேற்று பிரைமர் மேல் மஞ்சள் தடவிப் பார்த்தேன். மஞ்சளாகவே நின்றது. கிழக்கு ஜன்னலுக்குக் கீழே ஓரிடத்தில் மட்டும் சிவந்தது. அங்கே இன்னொரு கோட் அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.