கள்ளக்கடல்

"காத்தே இல்லாம கடல் எப்படி சாரே எழும்புது?"

இன்னைக்கு காலைல குளச்சல் கடப்புறத்துல ஒரு பாட்டா, கடல் ஆராய்ச்சி பண்ற ஒரு சார்ட்ட கேட்டாரு. பாட்டாக்க கை மட்டும் நிக்கல, கிழிஞ்ச வலைல ஊசி போய்ட்டே இருந்துது.

சார் ஈரமணல்ல விரலால நீளமா ஒரு கோடு போட்டாரு. இந்த முனை நம்ம ஊரு, அந்த முனை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெக்கே அண்டார்டிகா பக்கம், அங்க புயல் அடிச்சா கெளம்புற அலை நாள்கணக்குல ஓடி இங்க வந்து கரையேறும், இங்க வானம் பளிச்சுன்னு இருக்கும், அதாக்கும் சங்கதி.

"அதுக்குத்தான நாங்க கள்ளக்கடல்னு பேரு வச்சோம்"னு பாட்டா சிரிச்சாரு.

அந்தப் பேர 2012-ல யுனெஸ்கோவே ஏத்துக்கிட்டுதாம். (மலையாளத்துக்காரங்க எங்க வார்த்தைன்னு வருவாங்க, வரட்டும்.)

இப்ப ஐதராபாத்துல இருக்க இன்காய்ஸ்ங்கிற கடல் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை குடுக்கு. 2024 மே மாசமும் குடுத்துது. ஆனா நம்ம குமரி மாவட்டத்து லெமூர் பீச்சுல அஞ்சு மருத்துவ மாணவங்க அலைல சிக்கி செத்துப் போய்ட்டாங்க. கம்ப்யூட்டர் கணக்கு சரியாத்தான் இருந்துது, போன்ல வந்த சேதி கரைல நின்ன பிள்ளைங்க காதுக்கு எப்படிப் போகும்னு யாராவது ஆராய்ச்சி பண்ணாங்களான்னுதான் எனக்கு ஓடிட்டே இருக்கு.

பாட்டாவும் அதையேதான் கேட்டாரு. "வெளியூரு பிள்ளைகளுக்கு கள்ளக்கடல்னா என்னன்னு தெரியுமா சாரே?"

சார் பதில் சொல்லல. டீ சொன்னாரு, மூணு.