மலை மண்ணுன்னு ரெண்டு வரியில முடிக்கிற சமாச்சாரமா இது?

ஸ்கூல் புக்ல இந்திய மண் வகைகள்னு ஒரு பாடம் எல்லாரும் படிச்சிருப்போம், வண்டல், கரிசல், செம்மண், சரளை மண்ணுன்னு ஒவ்வொன்னுக்கும் பத்தி பத்தியா எழுதி எங்க இருக்கும் என்ன விளையும்னு சொல்லிட்டு, "காடு மற்றும் மலை மண்"ணு வரும்போது மட்டும் இலைதழை மக்கி இருக்கும், இடத்துக்கு இடம் மாறும்னு சுருக்கமா முடிச்சிருவாங்க. அது மேல எனக்கு ரொம்ப நாளா வருத்தம் உண்டு. நம்ம மதுரையில நின்னு எங்கிட்டுத் திரும்பினாலும் மலைதான், வடக்க அழகர்மலை, வாடிப்பட்டிக்கு அங்கிட்டு சிறுமலை, வடமேற்க கொடைக்கானல், தென்மேற்க வருசநாடு, மேகமலை. வைகை பொறக்குறதே அந்த வருசநாட்டு மலையிலதான். அப்படி இருக்கையில அந்த மலை மேல இருக்கிற மண்ணப் பத்தி நமக்கு ரெண்டு வரிக்கு மேல தெரியாம இருக்கலாமா?

சிறுமலைக்குப் போயிட்டு வர்றவங்க எங்கிட்ட மொதல்ல கேக்குறது, "அண்ணே, அங்க மண்ணு கருகருன்னு இருக்கே, அது கரிசலா?" இல்லங்க. ரெண்டும் கருப்புதான், ஆனா ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. திருமங்கலம், கல்லுப்பட்டி பக்கம் இருக்கிற கரிசல்ல களி ரொம்ப அதிகம், அதுவும் ஸ்மெக்டைட்னு சொல்ற வகைக் களி, தண்ணி பட்டா உப்பும், காஞ்சா சுருங்கும், அதனாலதான் சித்திரை வெயில்ல கை உள்ள போற அளவுக்கு வெடிச்சுக் கெடக்கும். அந்தக் கருப்பு ஆள் ஆழத்துக்குத் தோண்டினாலும் கூடவே வரும். மலைக்காட்டு மண்ணு அப்படி இல்ல, அந்தக் கருப்பு மக்குன இலையோட கருப்பு, மேல ஒரு சாண், மிஞ்சிப்போனா ஒன்றரைச் சாண், அவ்வளவுதான், அதுக்குக் கீழ பாத்தா நம்ம ஊரு செம்மண்ணுக்கு ஒன்னுவிட்ட தம்பியா ஒரு செவல் மண்ணு நிக்கும். மலை மண்ணப் பத்தி ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகம் வச்சுக்க முடியும்னா இத வச்சுக்கங்க. மேல இருக்கிறது மரம் போட்ட மண்ணு, கீழ இருக்கிறது பாறை போட்ட மண்ணு.

இதப் பாக்க குழி வெட்ட வேண்டியதே இல்ல. சிறுமலை ரோட்ல கொண்டை ஊசி வளைவுகள்ல ரோடு போட மலைய வெட்டுன சுவரு அப்படியே நிக்குது பாருங்க, வண்டிய ஓரமா நிறுத்திட்டு (வளைவுல நிறுத்தாதீங்க, தள்ளி நிறுத்துங்க) கிட்டப் போய்ப் பாருங்க. வெயிலும் மழையும் பட்டு மேல்முகம் ஒரே நிறமா தெரியும், நம்பாதீங்க, ஒரு கத்தியால லேசா சுரண்டினா புது முகம் தெரியும். உச்சியில இன்னிக்கு விழுந்த சருகு, அதுக்குக் கீழ போன வருஷத்துச் சருகு, நரம்பு மட்டும் தெரியுற மாதிரி பாதி மக்கினது, அதுக்கும் கீழ இது என்ன மரத்து இலைன்னே சொல்ல முடியாத கருப்புத் தூளு. மண்ணுக்காரங்க இத ஓ அடுக்குன்னு சொல்லுவாங்க. அடுத்தது ஏ அடுக்கு, அதான் நான் சொன்ன அந்த ஒரு சாண் கருப்பு, கையில எடுத்தா புட்டு மாவு கணக்கா உதிரி உதிரியா இருக்கும், வேர் பின்னிக் கெடக்கும், மண்புழு எச்சம் உருண்டை உருண்டையா இருக்கும், மழை பெஞ்ச வாசனை கோடையிலயும் லேசா வரும்.

அதுக்குக் கீழ பி அடுக்கு. நிறம் சட்டுனு செம்பழுப்புக்கு மாறும். ஒரு கட்டிய உடைச்சு உடைஞ்ச முகத்தச் சூரியனுக்கு நேரா சாச்சுப் பிடிங்க, ஒரு பக்கம் பளபளன்னு மின்னும். அது ஈரம் இல்ல, களிப்படலம். மழைத்தண்ணி மேல இருந்து எறங்கும்போது நுண்ணிய களியக் கூட்டிட்டு வந்து இங்க சந்துபொந்துல பூசிட்டுப் போயிருது, வருஷக்கணக்கு இல்ல, ஆயிரக்கணக்கான வருஷம் நடந்த வேலை. அதே கட்டியத் தண்ணி விட்டுப் பிசைஞ்சு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல தள்ளினா நாடா மாதிரி நீளும், மேல இருந்த கருப்பு மண்ணு அவ்வளவு நீளாது, சீக்கிரம் உடைஞ்சிரும். கீழ களி கூடியிருக்குன்னு ஆய்வுக்கூடம் போகாமலே தெரிஞ்சிரும்.

இன்னும் கீழ போனா சி அடுக்கு, பாக்க பாறை மாதிரியே இருக்கும், கோடு ரேகை எல்லாம் அப்படியே தெரியும், ஆனா கையால நொறுக்கினா நொறுங்கிரும். அதுக்கடுத்து நெசமான பாறை. சிறுமலை, கொடைக்கானல் பக்கம் பெருசா இருக்கிறது சார்னோக்கைட். கல்கத்தாவுல இருக்கிற ஜாப் சார்னாக்ங்கிற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியோட கல்லறையில வச்ச கல்லு இந்த வகைங்கிறதால ஹாலண்ட்ங்கிற நிலவியலாளர் இந்தப் பேர வச்சார், அந்தக் கல்லறைக்கல்லும் நம்ம சென்னைப் பக்கத்துல இருந்து போனதுதான்னு சொல்றாங்க. இந்தக் கல்லுல இரும்பு இருக்கிற தாதுக்கள் உண்டு, காத்தும் தண்ணியும் பட்டுப் பட்டு அந்த இரும்பு வெளிய வந்து ஆக்ஸைடா மாறுறதுதான் அந்தச் சிவப்பு. வெக்கையும் வறட்சியும் இருக்கிற அடிவாரத்துல ஹேமடைட்ங்கிற இரும்பு ஆக்ஸைடு கூடும், அதான் ரத்தச் சிவப்பு. மேல குளிரும் ஈரமும் கூடக்கூட கோதைட்ங்கிற இன்னொரு வகை கூடும், நிறம் மஞ்சளும் பழுப்புமா மாறும். ஆயிரம் மீட்டர் ஏறினா சுமாரா ஆறரை டிகிரி வெப்பம் குறையுது, அதனால இலை மக்குறதும் மெதுவாகுது, மேல போகப்போக கருப்பு ஏன் கனமாகுதுன்னா இதான் காரணம்.

இப்ப வகைப்படுத்துறதுக்கு வர்றேன், இதத்தான் எல்லாரும் பயந்துபோய் விட்டுர்றாங்க. ரஷ்யாவுல டோகுசாயேவ்ங்கிற மண்ணியலாளர் 1883ல அங்க இருக்கிற கருப்பு மண்ணப் பத்தி எழுதினப்பவே மண்ணுங்கிறது வெறும் உடைஞ்ச பாறை இல்ல, தட்பவெப்பம், உயிர்கள், தாய்ப்பாறை, நிலத்தோட சரிவு, காலம் எல்லாம் சேந்து உண்டாக்குறதுன்னு சொல்லிட்டார், ஹான்ஸ் ஜென்னி 1941ல அந்த அஞ்சையும் ஒரு சமன்பாடாவே எழுதினார். இன்னிக்கு நாம பயன்படுத்துற அமெரிக்க முறையில, 1975ல வந்தது, இப்ப உலக மண்ணு எல்லாத்தையும் 12 பெரும்பிரிவுல அடக்கிட்டாங்க. அதுல "மலை மண்"ணு ஒரு பிரிவே கிடையாது! மண்ணு எங்க இருக்குன்னு அது கேக்காது, உள்ள என்ன இருக்குன்னுதான் கேக்கும். ஆழம் எவ்வளவு, கீழ களி கூடியிருக்கா, வருஷத்துல எத்தன நாள் காஞ்சு கெடக்கு, களி மேல கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் எவ்வளவு ஒட்டியிருக்கு.

இந்தக் கேள்விகளோட ஒரே மலையில மேல இருந்து கீழ எறங்கிப் பாருங்க, அப்பதான் சுவாரசியம். முகட்டுல மழை அடிச்சு அடிச்சு மண்ணு தங்கவே இல்ல, ஒரு முழத்துக்குள்ள பாறை தட்டும், அடுக்குன்னு சொல்ல ஒன்னும் இல்ல. அது என்டிசால், 50 சென்டிமீட்டருக்குள்ள பாறை வந்தா பேருக்கு முன்னாடி லித்திக்னு சேத்துக்குவாங்க. நடுச்சரிவுல மண்ணு கொஞ்சம் நின்னிருக்கு, நிறமும் கட்டமைப்பும் மாற ஆரம்பிச்சிருக்கு, ஆனா களி எறங்கிச் சேர்ற அளவுக்கு நேரம் கிடைக்கல, இன்செப்டிசால். சரிவு தணிஞ்சு மேடையாகுற இடத்துல அந்தப் பளபளக்குற களிப்படலம் வந்திருச்சு, சத்தும் கழுவிப் போகல, ஆல்ஃபிசால். பள்ளத்தாக்கோட அடியில மேல இருந்து வந்தது எல்லாம் சேந்து கருப்பு ஆழமா, சத்து நிறைஞ்சு இருந்தா மோலிசால் கூட ஆகலாம். ஒரே மலை, ஒரே கல்லு, ஒரே மழை, நாலு பேரு. இத ஒரே தலைப்புல போட்டா மனசு கேக்குமா?

ஆல்ஃபிசாலா அல்டிசாலாங்கிறது இன்னொரு முக்கியமான கோடு. சத்து ஒட்டுற இடத்துல 35 சதவீதத்துக்கு மேல கால்சியம் வகையறா இருந்தா ஆல்ஃபிசால், அதுக்குக் கீழ போயி மிச்ச இடத்த ஹைட்ரஜனும் அலுமினியமும் பிடிச்சுக்கிட்டா அல்டிசால். நம்ம பக்கத்து மலைங்க மழைமறைவுல இருக்கு, வருஷத்துல பல மாசம் காஞ்சுதான் கெடக்கும், அதனால சத்து முழுசா கழுவிப் போறதில்ல. போடியில இருந்து போடிமெட்டு ஏறி அந்தப் பக்கம் மூணாறுக்கு எறங்குங்க, மழை கொட்டோ கொட்டுன்னு கொட்டி மண்ணு புளிச்சுப் போயிருக்கும், தேயிலைக்கு அந்தப் புளிப்புதான் வேணும், நம்ம பக்கத்து மலைவாழைக்கும் எலுமிச்சைக்கும் அது சரிப்படாது. மண்ணோட பேரு சும்மா பரீட்சைக்குப் படிக்கிறது இல்ல, என்ன வைக்கலாம்னு அதுலயே இருக்கு.

எனக்கு உண்மையிலயே பயமா இருக்கிறது அந்த ஒரு சாண் கருப்பப் பத்தித்தான். மண் பரிசோதனை அட்டையில அங்ககக் கரிமம், அதாவது மக்குன பொருள்ல இருக்கிற கார்பன், 0.5 சதவீதத்துக்குக் கீழ இருந்தா குறைவு, 0.75க்கு மேல போனா அதிகம்னு போட்டிருப்பாங்க, நம்ம சமவெளிச் செம்மண்ணு பெரும்பாலும் குறைவுலதான் நிக்கும். காட்டு மேல்மண்ணுல ரெண்டு மூணு சதவீதம் சாதாரணம். அந்த மேல்மண்ணுல இருக்கிற கால்சியம் மாதிரி சத்தும் பாறையில இருந்து நேரா வந்தது இல்ல, மரத்தோட வேரு ஆழத்துல இருந்து கால்சியத்த இழுத்து இலையில வச்சு, இலை விழுந்து, மக்கி, திரும்ப மேல்மண்ணுக்கே வந்த சத்து. மரத்த எடுத்துட்டா அந்தச் சுத்து நின்னு போகும். நிழல் மரத்துக்குக் கீழ காப்பியும் மிளகும் வச்சிருக்கிற தோட்டத்துல சருகு விழுந்துக்கிட்டே இருக்கிறதால மண்ணு ஓரளவு தாக்குப்பிடிக்குது. மொட்டையா வெட்டி, சரிவுக்கு நேரா உழுத எடத்துல ஐப்பசி கார்த்திகை மழை ரெண்டு அடிச்சா கருப்பு போயி செவப்பு தெரிஞ்சிரும். அதுக்கப்புறம் எவ்வளவு உரம் போட்டாலும் அந்தப் பழைய உதிரி வராது, ஒரு சென்டிமீட்டர் மண்ணு உருவாகவே நூத்துக்கணக்கான வருஷம் ஆகும்.

தீயும் அப்படித்தான். மாசி பங்குனியில மலையில தீ ஓடுறத மதுரையில இருந்தே ராத்திரி பாக்கலாம். சருகு எரியும்போது அதுல இருக்கிற மெழுகுப் பொருள் ஆவியாகி மண்ணுக்குள்ள எறங்கி துகள் மேல படிஞ்சிரும். அப்புறம் அந்த மண்ணு மேல பாட்டில் தண்ணிய ஒரு சொட்டு விட்டுப் பாருங்க, உறிஞ்சாது, முத்தா உருண்டு அப்படியே நிக்கும். மொத மழை உள்ள எறங்காம சாம்பலையும் மேல்மண்ணையும் வழிச்சுக்கிட்டு ஓடி வந்துரும். சிறுமலையில இருந்து ஓடி வர்றதுல ஒரு பங்கு பாலமேடு பக்கம் சாத்தையாறு அணைக்குப் போகுது, அணையில சேர்ற வண்டல் எங்க இருந்து வருதுன்னு இப்பப் புரியுதா?

இதுக்கு மேல, மாடித்தோட்டம் போடுறவங்க சில பேரு "மலை மண்ணு ஒரு மூட்டை கிடைக்குமாண்ணே"ன்னு கேக்குறாங்க. தயவுசெஞ்சு வேணாங்க. ரிசர்வ் ஃபாரஸ்ட்ல மண்ணு அள்றது குற்றம், அது ஒரு பக்கம், தொட்டியில கொண்டு வந்து போட்டா நம்ம வெக்கையில அந்தக் கரிமம் வேகமா எரிஞ்சு போயிரும், வெறும் மண்ணுதான் மிஞ்சும். உங்க தெருவுல கூட்டித் தள்ளுற வேப்பிலை, புங்க இலைச் சருக ஒரு பழைய சாக்குல அமுக்கி, அங்கங்க ஓட்டை போட்டு, வாரம் ஒருக்கா தண்ணி தெளிச்சு நிழல்ல வைங்க, ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள அந்த ஏ அடுக்குக் கருப்பு மாதிரியே ஒன்னு உங்க வீட்லயே கிடைக்கும். அடிமண்ணுக்குக் கண்மாய் வண்டல், முறையா அனுமதி வாங்கி எடுக்குறவங்ககிட்ட இருந்து வாங்குங்க, களி கூடுதலா இருந்தா அதோட தேங்காநார்க் கழிவு சேத்துக்கங்க. மலையில இருந்து ஏற்கனவே எறங்கி வந்த மண்ணு அதுதானே, அதுக்காக மறுபடி மலை ஏற வேண்டியதில்ல.