ஒன்பது ஒன்பதாகக் கட்டி நான் பட்ட பாடு

திருகோணமலைப் பக்கம் நிலாவெளியில் அப்பா விட்டுப்போன காணியை விற்ற காசில் தங்கச்சியின் பங்கு, நேற்று ஒருவழியாக மட்டக்களப்பில் அவளுடைய கணக்குக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு நாளில் முடிய வேண்டிய வேலைக்குப் பதினேழு நாள் எடுத்தது. அதில் பாதி நானே தேடிக்கொண்ட வினை என்பதால் யாரையும் முழுதாகத் திட்டவும் முடியவில்லை.

பேசிய விலை 36 லட்சம். வாங்குபவர் கிண்ணியாவில் கடை வைத்திருக்கிறார், நாணயமான மனிதர். வங்கி மூலமே மாற்றிவிடுகிறேன் என்றுதான் அவரும் சொன்னார். நடுவில் மாமா புகுந்தார். "தம்பி, பத்து லட்சத்தைத் தொட்டா கொழும்புக்கு ரிப்போட் போகும். பிறகு வரிக்காரன் வாசல்ல வந்து நிப்பான். காசாக் கொண்டுவந்து ஒன்பது ஒன்பதா நாலு தரம் கட்டச் சொல்லுங்க." நாலொன்பது முப்பத்தாறு. கணக்கு அவ்வளவு அழகாகப் பொருந்தியதில் நானும் மயங்கிவிட்டேன்.

மாமா சொன்னதில் பாதி உண்மை. 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதியியல் கொடுக்கல்வாங்கல் அறிக்கையிடல் சட்டப்படி, பத்து லட்சமோ அதற்கு மேலோ காசாகக் கட்டினாலும் மின்னணு முறையில் மாற்றினாலும், வங்கி அதை மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும். அது வங்கியின் வேலை. அந்த அறிவிப்புக்காக நம்மிடம் ஒரு சதமும் வெட்டுவதில்லை. மாமாவுக்குத் தெரியாத மற்றப் பாதி இதுதான்: சந்தேகம் என்று பட்டால் தொகை எவ்வளவு சின்னதானாலும் அறிவிக்க வேண்டும். பத்து லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே நின்று திரும்பத் திரும்பக் கட்டுவதைவிடச் சந்தேகமான காரியம் வேறு என்ன இருக்கிறது?

முதல் நாளே சறுக்கல். வாங்குபவரின் மச்சான் காசைக் கொண்டுவந்தார், அடையாள அட்டையைக் கொண்டுவரவில்லை. இன்னொருவர் கணக்கில் இரண்டு லட்சத்துக்கு மேல் கட்ட வந்தால் கட்டுபவரின் விபரமும் வேண்டுமாம். மனிதர் காசுப் பையோடு திரும்பக் கிண்ணியாவுக்குப் போய்வந்தார். பாலம் இருந்ததால் பிழைத்தோம். பாலத்துக்கு முந்திய பாதை (மிதவைப் படகு) காலமாக இருந்தால் அன்றைக்குப் பாதையிலேயே பொழுது போயிருக்கும்.

இரண்டாம் நாள் ஒன்பது லட்சம் பேச்சில்லாமல் போனது. மூன்றாம் நாள் கவுண்டரில் இருந்த பிள்ளை கணினித் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "கொஞ்சம் உள்ளுக்கு வாங்க ஐயா" என்றார்.

"முந்தாநாள் ஒன்பது, நேற்று ஒன்பது, இன்றைக்கும் ஒன்பது. ஏன் இப்படி?"

மாமா சொன்னார் என்றா சொல்வது? "எண்ணுறதுக்கு லேசு மிஸ்" என்றேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அந்த ஒன்பது லட்சத்தை வாங்கவில்லை. காசு எப்படி வந்தது என்பதற்கு ஆதாரம் கொண்டுவரச் சொன்னார்.

ஆதாரம் என்றால் நொத்தாரிசு (காணிப் பத்திரம் எழுதுகிற சட்டத்தரணி) எழுதிய விற்பனை உடன்படிக்கை. வியாழக்கிழமை போனால் நொத்தாரிசு மூதூர் நீதிமன்றத்தில். வெள்ளி போயா விடுமுறை. அப்புறம் சனி, ஞாயிறு. திங்கள்தான் பிரதி கைக்கு வந்தது. ஆனால் அந்த நொத்தாரிசுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். முத்திரைத் தீர்வையைக் குறைக்கலாம் என்று வாங்குபவர் தொடக்கத்தில் 20 லட்சம் என்று எழுதச் சொன்னபோது, "உண்மையான விலையை எழுதுறதென்றால் எழுதுறன், இல்லாட்டி வேற ஆளைப் பாருங்க" என்று முகத்துக்கு நேரே சொன்னவர் அவர். அன்று எனக்கும் அது அதிகப்படியாகத்தான் தெரிந்தது. 20 என்று எழுதியிருந்தால் மிச்சம் 16 லட்சத்துக்கு நான் எந்தக் கடதாசியைக் காட்டியிருப்பேன்?

பிரதியோடு போனால் அடுத்த பூதம். என் கணக்கு நான் படிக்கிற காலத்தில் திறந்தது. வங்கிப் பதிவில் தொழில்: மாணவன். எனக்கு இப்போது வயது நாற்பத்தாறு. முகவரியும் பழைய மூதூர் வீடு. மாணவன் கணக்கில் இரண்டு நாளில் 18 லட்சம் விழுந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது! விபரங்களைப் புதுப்பிக்க வதிவிட அத்தாட்சி வேண்டும். உப்புவெளி வீட்டு லைட் பில் இன்னும் அப்பாவின் பெயரில். கிராம உத்தியோகத்தரைச் செவ்வாய்க்கிழமை பிடித்துக் கடிதம் வாங்கி நிம்மதியாகப் போனால், பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்கவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இதையெல்லாம் முதல் நாளே ஒரு துண்டில் எழுதித் தந்திருக்கலாமே? ஒவ்வொரு கடதாசியாகக் கேட்டு என்னை மூன்று தரம் அலைய விட்டதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்தக் கோபத்தில்தான், "மத்திய வங்கிக்கு என்னைப் பற்றி எழுதிவிட்டீர்களா, இல்லையா?" என்று கவுண்டர் பிள்ளையிடம் சத்தமாகக் கேட்டேன். "அதெல்லாம் சொல்ல ஏலாது ஐயா." திமிர் என்று நினைத்தேன். லீசிங் கம்பனியில் வேலை செய்யும் என் சித்தப்பா மகன்தான் விளக்கினான்: சந்தேக அறிக்கை அனுப்பினார்களா என்பதை வாடிக்கையாளரிடம் சொல்லச் சட்டமே தடை விதிக்கிறது. சொன்னால் அந்தப் பிள்ளைக்குத்தான் வில்லங்கம். அடுத்த முறை போனபோது மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. வழக்கத்தைவிடக் கொஞ்சம் பணிவாக வணக்கம் சொன்னேன்.

முகாமையாளர் லீவில், அது வேறு. மூன்றாம் வாரம் திங்களன்றுதான் எல்லாம் சரி என்றார்கள். செவ்வாய்க்கிழமை வாங்குபவர் மிச்சம் 18 லட்சத்தையும் ஒரே மாற்றமாக அனுப்பினார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அன்று பின்னேரமே காணி உறுதியில் (விற்பனைப் பத்திரத்தில்) கையெழுத்து. புதன்கிழமை தங்கச்சிக்கு 12, தம்பிக்கு 12. கைபேசிச் செயலியில் அவ்வளவு அனுப்ப என் வங்கி விடாது என்பதால் கவுண்டரில் படிவம் நிரப்பினேன். காரணம் கேட்கும் இடத்தில் "குடும்பம்" என்று மொட்டையாக எழுதாமல், "தந்தையின் காணி விற்ற பங்கு" என்று எழுதினேன். உடன்படிக்கையைப் படம் பிடித்துத் தங்கச்சிக்கு வட்ஸ்அப்பில் முதலே அனுப்பியிருந்தேன். அவளுடைய வங்கியிலிருந்து கேட்டபோது அதைக் காட்டினாள், ஒரே அழைப்பில் முடிந்தது. இந்தக் கதையில் நான் நெஞ்சு நிமிர்த்தும் ஒரே இடம் இது.

காணி விற்கப்போகிறவர்கள் காசு கைக்கு வரும் முன்பே ஒரு நடை வங்கிக்குப் போய், உங்கள் கணக்கில் தொழிலும் முகவரியும் என்னவென்று இருக்கிறது என்று கேளுங்கள். மூலதன ஆதாய வரி வேறு கதை, அது விற்பனையைப் பொறுத்தது. காசை எத்தனை துண்டாகக் கட்டினாலும் அது குறையாது. ஐம்பது லட்சத்துக்கு மேல் ஒரே தரத்தில் அனுப்புவதானால் சாதாரண மாற்றத்தில் போகாது, பெரிய தொகைகளை வங்கிக்கு வங்கி மாற்றும் ஆர்டிஜிஎஸ் முறையைக் கேளுங்கள்.

மாமாவிடம் இவ்வளவையும் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அதுதான் தம்பி, எட்டு எட்டாக் கட்டியிருக்க வேணும்."