பணம் கொடுத்து வாங்கிய முகவரிகள்

மலேசியாவில், பினாங்கு பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டுச் சமையலறைதான் என் வேலையிடம். மிளகாய், மல்லி, சோம்பு எல்லாவற்றையும் ஃபெர்ரி படகில் ஏறிப் போய் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் வாங்கி வருவேன். காயவைத்து, வறுத்து, மில்லில் கொடுத்து அரைப்பேன். மீன் கறித்தூள், இறைச்சிக் கறித்தூள், ரசப்பொடி என்று மூன்றே சரக்கு. எங்கள் தாமானில் (குடியிருப்பில்) இருப்பவர்களும் கோயிலில் பழகியவர்களும் வாங்குவார்கள். வாட்ஸ்அப்பே போதும் என்றிருந்தேன். ஒருநாள் போன் தண்ணீரில் விழுந்து பாதிப் பேருடைய நம்பர் போனது. அதன்பிறகுதான் மின்னஞ்சல் பட்டியல் ஒன்றைத் தொடங்கினேன்.

ஆறு மாதத்தில் 43 பேர் சேர்ந்தார்கள். எனக்கு அது போதவில்லை. அப்போதுதான் காசு கொடுத்து மின்னஞ்சலில் விளம்பரம் செய்யலாம் என்று கேள்விப்பட்டேன். பெரிய பட்டியல் வைத்திருக்கும் ஒருவர் நம்முடைய விளம்பரத்தைத் தன் ஆட்களுக்கு அனுப்புவார். எத்தனை பேர் லிங்க்கை அழுத்துகிறார்களோ அத்தனைக்கு நாம் காசு கொடுக்க வேண்டும். அழுத்தி வந்தவர்களில் யார் முகவரி கொடுக்கிறார்களோ அவர்கள் நம் பட்டியலில் சேருவார்கள். 'சோலோ ஆட்' என்பார்கள்.

200 கிளிக், ஒன்றுக்கு 2 வெள்ளி (ரிங்கிட்). 400 வெள்ளி கட்டினேன். முகவரி தருபவர்களுக்கு ஒரு சமையல் புத்தகம் இலவசம் என்று போட்டேன். நான்கு நாளில் 64 முகவரி வந்தது. ராத்திரி படுக்கும் முன்புகூட எண்ணிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன், அவ்வளவு சந்தோஷம்.

முதல் கடிதம் அனுப்பியதும் 19 முகவரியிலிருந்து திரும்பி வந்தது. மற்றவர்களில் ஒருவர்கூட ஆர்டர் கொடுக்கவில்லை. ஒருவர் மட்டும், இதில் சேர்ந்தால் மாதம் எவ்வளவு சம்பாதிக்கலாம் என்று கேட்டு எழுதினார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தப் பட்டியலில் இருந்தவர்கள் வீட்டிலிருந்து சம்பாதிக்க வழி தேடுபவர்கள். கறித்தூள் தேடுபவர்கள் இல்லை. விற்றவர் பேசியபடி 200 கிளிக் கொடுத்துவிட்டார். அந்த 200 பேர் யார், எங்கே இருக்கிறார்கள், எதற்காக அந்தப் பட்டியலில் சேர்ந்தார்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

காசு போனதுகூடப் பெரிதில்லை. அவர்களில் இரண்டு பேர் என் கடிதத்தை ஸ்பேம் என்று புகார் செய்திருந்தார்கள். இரண்டு பேர்தானே என்று தோன்றும். ஆனால் கூகுளும் யாகூவும் 2024 பிப்ரவரியில் விதியை இறுக்கிவிட்டன. புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது, அதாவது ஆயிரம் கடிதத்துக்கு மூன்று. நூறு பேருக்கு அனுப்பும் எனக்கு இரண்டு புகார் என்பது அந்த அளவை எப்போதோ தாண்டிய கணக்கு. அடுத்த வாரம் கோயிலில் ஒரு அக்கா, என்னிடம் முதன்முதலில் தூள் வாங்கியவர், "உன் லெட்டரே வரலையே தங்கச்சி" என்று கேட்டார். அவர் போனை வாங்கிப் பார்த்தால் கடிதம் ஸ்பேமில் கிடந்தது. தெரியாதவர்களைச் சேர்க்கப்போய் தெரிந்தவர்களிடம் போய்ச் சேராமல் ஆகிவிட்டதே என்று அன்று மனம் மிகவும் சங்கடப்பட்டது.

சில மாதம் விளம்பரத்தின் பக்கமே போகவில்லை. அப்புறம், கோலாலம்பூர் செந்தூலில் இருந்து ஒரு பெண் ஞாயிறுதோறும் அனுப்பும் சமையல் கடிதம் என் பார்வைக்கு வந்தது. ஏறக்குறைய 900 பேர் படிக்கிறார்கள். கிள்ளான், ஈப்போ, சிரம்பான் என்று எல்லாம் நம் ஊர்க் குடும்பங்கள். விளம்பரம் போட எவ்வளவு என்று கேட்டேன். "முதல்ல ரெண்டு பாக்கெட் அனுப்புங்க அக்கா, சமைச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். எனக்கு அந்தப் பதிலே பிடித்துவிட்டது. மீன் கறி வைத்துப் பார்த்து, 150 வெள்ளி வாங்கிக்கொண்டு, விளம்பரம் என்று தெளிவாகச் சொல்லி ஐந்து வரி எழுதினார்.

இந்த முறை பொதுவான புத்தகம் எதுவும் கொடுக்கவில்லை. மீன் கறிக்குத் தூளும் புளியும் எந்த அளவு என்று ஒரே ஒரு பக்கம் எழுதினேன். மீன் கறி வைக்காதவர் அதற்காக முகவரி தரமாட்டார். முகவரி தந்தவருக்கு ஓர் உறுதி மின்னஞ்சல் போகும், அதை அழுத்தினால்தான் சேர முடியும். 41 பேர் தந்தார்கள், 30 பேர் உறுதி செய்தார்கள். அந்த 11 பேரை இழந்தது வருத்தம்தான். ஆனாலும் உறுதி கேட்கும் இந்தப் படியை நீக்க மாட்டேன்.

கணக்குப் பார்த்தால் முன்பு ஒரு முகவரிக்கு 6 வெள்ளி 25 காசு, இப்போது 5 வெள்ளி. பெரிய வித்தியாசமில்லை. ஆனால் இந்த 30 பேரில் 11 பேர் முதல் மாதமே வாங்கினார்கள், நான்கு பேர் மறுபடியும் வாங்கினார்கள். எத்தனை பேர் கடிதத்தைத் திறந்தார்கள் என்ற கணக்கை நான் இப்போது நம்புவதில்லை. 2021இல் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த மாற்றத்துக்குப் பிறகு, அதில் திறக்காத கடிதமும் திறந்ததாகக் காட்டலாம். ஆர்டர் வந்ததா, பதில் எழுதினார்களா, அதைத்தான் பார்க்கிறேன்.

சோலோ ஆடில் வந்த 64 பேரில், திரும்பி வந்த 19 முகவரியும் புகார் செய்த இருவரும் போக மிச்சமிருந்த 43 பேருக்கும், என் கடிதம் இன்னும் வேண்டுமா என்று கேட்டு எழுதினேன். மூன்று பேர் வேண்டும் என்றார்கள். மற்ற 40 பெயரையும் அழித்துவிட்டேன். நம் நாட்டில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. எனக்கு விளம்பரம் அனுப்பாதே என்று சொல்லும் உரிமை அதில் உண்டு. ஆனால் அவர்கள் வாய்விட்டுச் சொல்லும்வரை காத்திருக்க எனக்கு மனம் வரவில்லை.

தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு வரும் ஞாயிறு கடிதத்தில் அந்தச் செந்தூல் பெண்ணிடம் இடம் கேட்டிருக்கிறேன், சரி என்றிருக்கிறார். பினாங்கில் மழை பிடிப்பதற்குள் மல்லியைக் காயவைத்து எடுத்துவிட வேண்டும்.