அம்மாவின் வால்வும் நாலு வார ஊசியும்

அம்மாவுக்குச் சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் இதயத்தின் மைட்ரல் வால்வைக் கொஞ்சம் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. வருடத்துக்கு ஒரு எக்கோ, அதாவது இதய ஸ்கேன், அதோடு சரி. அதனால் சாயங்காலமானால் லேசான காய்ச்சல், ராத்திரி வியர்வை, உடம்பு இளைப்பு என்று ஆரம்பித்தபோது யாருக்கும் வால்வு ஞாபகம் வரவில்லை. டைபாய்டு என்றார்கள், யூரின் இன்பெக்‌ஷன் என்றார்கள். ஆளுக்கொரு ஆன்டிபயாட்டிக். சாப்பிடும்வரை காய்ச்சல் அடங்கும், நிறுத்தினால் திரும்ப வரும்.

கடைசியில் இதய டாக்டர்தான் வால்வில் கிருமித் தொற்று (எண்டோகார்டைட்டிஸ்) இருக்குமோ என்று சந்தேகப்பட்டார். முதலில் மாத்திரைகளை நிறுத்தினார். ரத்தத்தை பாட்டிலில் வைத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பதுதான் கல்ச்சர். ரத்தத்தில் ஆன்டிபயாட்டிக் இருந்தால் அதில் கிருமி வளராமல் போகலாமாம். இரண்டொரு நாள் விட்டு, வெவ்வேறு இடத்தில் குத்தி மூன்று முறை ரத்தம் எடுத்தார்கள். சிஸ்டர் தோலைத் துடைத்துவிட்டு, அது காயும்வரை ஊசியைத் தொடவே இல்லை. தோலில் இருக்கும் கிருமி பாட்டிலுக்குள் போனால் ரிசல்ட்டே குழம்பிவிடும் என்றார். தொண்டை வழியாகக் குழாய் விட்டு எடுத்த எக்கோவில் வால்வின் மேல் 8 மில்லிமீட்டரில் ஒரு கட்டி. கிருமிகளும் உறைந்த ரத்தமும் சேர்ந்த இதை வெஜிடேஷன் என்கிறார்கள்.

கல்ச்சரில் வந்தது விரிடன்ஸ் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், எல்லோர் வாயிலும் இருக்கும் கிருமிதான். அம்மாவின் சொத்தைக் கடைவாய்ப்பல் மேல்தான் சந்தேகம். நல்லவேளை, பென்சிலினுக்குக் கட்டுப்படும் ரகம். பென்சிலின் என்றால் நாலு மணி நேரத்துக்கு ஒரு ஊசி. செஃப்ட்ரியாக்சோன் 2 கிராம் என்றால் நாளுக்கு ஒருமுறை போதும். அதுதான் போட்டார்கள். கூடவே ஜென்டாமைசின் சேர்த்தால் இரண்டே வாரத்தில் முடிக்கலாமாம். அம்மாவுக்குச் சர்க்கரை, கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் கொஞ்சம் கூட. கிட்னியை நினைத்து டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார்.

காய்ச்சல் சில நாளிலேயே விட்டுவிட்டது. தொல்லையே அதற்கப்புறம்தான். "ஜுரம்தான் விட்டிருச்சே, மாத்திரையா எழுதித் தரச் சொல்லுடா" என்று அம்மா தினமும் ஆரம்பித்துவிடுவார். அந்தக் கட்டிக்குள் ரத்த ஓட்டம் கிடையாது, நம் உடம்பின் வெள்ளை அணுக்கள் உள்ளே போக முடியாது. கிருமிகள் அடியில் பாதித் தூக்கத்தில் கிடக்கும். பெருகாத கிருமியை மருந்து சீக்கிரம் கொல்லாது. அதனால்தான் நாலு வாரம். அதுவும் முதல் ஊசியிலிருந்து இல்லை, ரத்தத்தில் கிருமி இல்லை என்று கல்ச்சர் வந்த நாளிலிருந்து கணக்கு. இதைக் கேட்டதும் அம்மா டாக்டரோடு பேசுவதையே விட்டுவிட்டார்.

ஊசி மருந்து ஏற்றக் கையில் குத்தும் வென்ஃப்ளானை மாற்றி மாற்றிக் கை வீங்கியதும், வாரக்கணக்கில் அப்படியே இருக்கும் நீளக் குழாயான பிக் லைனைக் கையில் போட்டார்கள். பெரிய நிம்மதி. நாலு வாரத்தில் பாதி முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊசிக்கு மட்டும் தெருமுனை நர்சிங் ஹோம். குளிக்கும்போது கையில் பாலிதீன் கவர் சுற்றுவது என் வேலை. வாராவாரம் ரத்தப் பரிசோதனை. கடைசி எக்கோவில் கட்டி சுருங்கியிருந்தது, வால்வின் கசிவு கூடவில்லை. ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம் என்றார்கள்.

இந்தத் தொற்று ஒருமுறை வந்தவர்களுக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகமாம். பல் பிடுங்கும் முன் அமாக்சிசிலின் 2 கிராம் ஒரே தடவையாகப் போட வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருந்தது. பல் டாக்டரிடம் அதைக் காட்டினோம். 500 மில்லிகிராமில் நாலு கேப்சூல் கொடுத்து, ஒரு மணி நேரம் வெளியே உட்காரச் சொன்னார். அப்புறம்தான் அந்தக் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினார்.