மைக்கூடு கட்டிய பெடியன்

ஒன்பதாம் வகுப்பில் எங்கள் சரித்திர வாத்தியார், அவரவர் ஊர்ப்பெயர் எப்படி வந்ததென்று விசாரித்து எழுதிவரச் சொன்னார். அப்பப்பாவைக் கேட்டுக் கேட்டு இரண்டு பக்கம் நிரப்பினேன். கொப்பியின் ஓரத்தில் சிவப்பு மையால் ஒரே வரி எழுதித் தந்தார்: "முதலில் தண்ணீர் எங்கே என்று பார்."

லண்டன் வந்து மனோர்பார்க்கில் குடியேறிய பிறகுதான் அந்த வரி எனக்கு உதவியது. முருகன் கோயில் இருக்கிற அதே சேர்ச் றோட்டில் சின்னஞ்சிறு பழைய தேவாலயம் ஒன்று உண்டு. அதை லிட்டில் இல்ஃபோர்ட் புனித மரியாள் தேவாலயம் என்கிறார்கள். இல்ஃபோர்ட் என்ற ஊர் றோடிங் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அல்லவா? இந்தப் பக்கம் அந்தப் பெயருக்கு என்ன வேலை?

தண்ணீரைத் தேடினேன். றோடிங் ஆற்றின் பழைய பெயர் ஹைல். அதை இறங்கிக் கடக்கும் துறைதான் இல்ஃபோர்ட். கிழக்குக் கரையில் பெரியது, மேற்குக் கரையில் சின்னது. 1086ஆம் ஆண்டு அரச பதிவேட்டிலேயே பெயர் இருக்கிறது. பிறகு ரயில் வந்தது, வயல்களில் வீட்டு வரிசைகள் எழுந்தன. ரயில் நிலையத்தின் பெயர் மனோர்பார்க். சனமும் ஊரை அப்படியே அழைக்கத் தொடங்கிற்று. 1886இல் லிட்டில் இல்ஃபோர்ட்டின் நிருவாகம் பக்கத்து ஈஸ்ற்ஹாமோடு சேர்ந்தது, 1900இல் தனிப் பரிஷ், அதாவது தனி ஊர்ப்பிரிவு, என்ற கணக்கும் முடிந்தது. 1965இல் ஈஸ்ற்ஹாமும் நியூஹாம் என்ற லண்டன் நகரசபைப் பிரிவுக்குள் போய்விட்டது. ஆற்றங்கரை ஊர் என்று இன்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆற்றுக்கும் வீடுகளுக்கும் நடுவே நோர்த் சேர்க்குலர் பெருந்தெரு இரைந்துகொண்டு கிடக்கிறது.

அந்தத் தேவாலயத்தில் ஒரு பித்தளைத் தகடு உண்டு. தோமஸ் ஹெரோன் என்ற பெடியன், 1517இல் இறந்தபோது வயது 14. தகப்பன் அரச கருவூலத்தில் பெரிய பதவியில் இருந்தவர். மகனோ இடுப்பில் மைக்கூடும் பேனாக்கூடும் தொங்க நிற்கிறான். எங்கள் ஒன்பதாம் வகுப்பு வயது. மைப்போத்தல் கவிழ்ந்து நீலமாகிப்போன என் வெள்ளைச் சட்டைப் பை ஞாபகம் வந்து, அந்த இடத்தைவிட்டு நகர மனம் வரவில்லை.

வாத்தியாரிடம் காட்ட அவர் இப்போது இல்லை. என் மகள் படித்தது லிட்டில் இல்ஃபோர்ட் என்ற பெயரைத் தாங்கிய பள்ளிக்கூடத்தில். ஒருநாள் அவளைக் கூட்டிக்கொண்டுபோய் அந்தத் தகட்டின் கதையை முழுவதும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் கேட்டாள்: "அப்பா, இவன் எந்த ஸ்கூல்?"