முதல் நாள் காய்ச்சலுக்கு வார்டில் பயிற்சி இல்லை

நம் நாட்டில் குடும்ப டாக்டராக எம்பிபிஎஸ்ஸுக்குப் பிறகு படிக்கும் டிஎன்பி ஃபேமிலி மெடிசின் 3 வருடப் படிப்பு. அதில் பெரும்பகுதி மருத்துவமனைக்குள்ளேயே கழிகிறது. மெடிசின், குழந்தைகள், மகப்பேறு, சர்ஜரி என்று துறை துறையாகப் போஸ்டிங். இவை தேவைதான், ஒன்றையும் குறைக்கச் சொல்லமாட்டேன். ஆனால் வார்டுக்கு வரும் நோயாளியை யாரோ ஏற்கெனவே சலித்து அனுப்பியிருக்கிறார்கள். கிளினிக்கில் அந்தச் சல்லடையே குடும்ப டாக்டர்தான்.

காய்ச்சலையே எடுத்துக்கொள்ளுங்கள். வார்டில் டெங்கு நோயாளிக்கு அன்று ஐந்தாம் நாள், ரிப்போர்ட் எல்லாம் கேஸ் ஷீட்டில் இருக்கும். கிளினிக்கில் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு நேற்று ராத்திரிதான் காய்ச்சல் ஆரம்பித்தது. தொண்டை, நெஞ்சு, வயிறு எதிலும் ஒன்றும் தெரியாது. அன்றைக்கு ரத்தத்தில் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையும் பெரும்பாலும் நார்மலாகவே இருக்கும். அதைப் பார்த்து 'ஒன்றுமில்லை' என்று அனுப்புவதில்தான் தவறு நடக்கிறது. டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் விடும் சமயத்தில், 3 முதல் 7 நாளுக்குள் வருகிறது. ஆகவே சீட்டை விடப் பேச்சு முக்கியம். "காய்ச்சல் விட்டாலும் நாளன்னைக்கு வந்து காட்டுங்க. வாந்தி நிக்கலை, வயிறு வலிக்குது, ஈறுல ரத்தம், ஒண்ணுக்குக் குறைஞ்சுபோச்சு, எழுந்திருக்க முடியாம சோர்வு, இதுல எது வந்தாலும் ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. பாராசிட்டமால் மட்டும் போடுங்க, வேற வலி மாத்திரை வேண்டாம்." சொல்லி முடித்ததும் அவரையே ஒருமுறை திரும்பச் சொல்ல வைக்க வேண்டும். அப்போதுதான் எது புரியவில்லை என்று தெரியும்.

சர்க்கரை நோயில் குறை வேறு மாதிரி. ரெசிடென்ட், அதாவது பயிற்சியில் இருக்கும் டாக்டர், பேசல் இன்சுலினை (நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும் ஊசி) 10 யூனிட்டில் ஆரம்பித்து, வெறும் வயிற்று அளவைப் பார்த்து 3 நாளுக்கு ஒருமுறை 2 யூனிட் கூட்டச் சொல்லி டிஸ்சார்ஜ் செய்கிறார். எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை காட்டுவது முந்தைய 2, 3 மாதச் சர்க்கரையின் சராசரி. அந்த ரிப்போர்ட் வரும்போது அவர் அடுத்த போஸ்டிங்கில் இருப்பார். ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தோல் தடித்து மருந்து சரியாக ஏறாமல் போனதும், விரத நாளில் ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் மயங்கி விழுந்ததும் அவர் காதுக்கு எட்டாது. தான் எழுதிய சீட்டு என்ன ஆயிற்று என்று தெரியாமலே படிப்பு முடிந்துவிடும். எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான்.

அமெரிக்காவில் 3 வருட ரெசிடென்சி முழுக்க, தனக்கென்று ஒதுக்கிய நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்தாக வேண்டும். முன்பு கிளினிக்கில் 1,650 முறையாவது நோயாளிகளைப் பார்த்திருக்க வேண்டும் என்று விதி. 2023 முதல் அது கிளினிக்கில் 1,000 மணி நேரம் என்று மாறியது. கனடாவில் 2 வருடப் பயிற்சியை 3 ஆக்கும் திட்டம் எதிர்ப்பால் 2023இல் நின்றுபோனது. வருடத்தைக் கூட்டினால் மட்டும் இந்த ஓட்டை அடைபடாது என்றே நினைக்கிறேன்.

இங்கே செய்யக்கூடியது, எந்தப் போஸ்டிங்கில் இருந்தாலும் வாரம் ஒரு அரை நாள் அதே ஓபி, அதே குடும்பங்கள். வார்டில் ஆள் குறைந்தால் முதலில் ரத்தாவது இந்த அரை நாள்தான். அதனால் டியூட்டி பட்டியல் போடும்போதே இதை முதலில் எழுதிவிட்டு மற்றதை நிரப்ப வேண்டும். பக்கத்தில் இருந்து கற்றுக்கொடுப்பவர் கிளினிக் நடத்தும் குடும்ப டாக்டராக இருக்க வேண்டும். ஸ்பெஷலிஸ்ட் இருந்தால் அந்த முதல் நாள் காய்ச்சலுக்கும் பத்து டெஸ்ட் எழுதப் பழகிவிடுவார்கள். ரெசிடென்ட் கையில் ஒரு நோட்டு: யார், என்ன சொல்லி அனுப்பினேன், எப்போது வரச் சொன்னேன், வந்தாரா. வராதவருக்கு மறுநாள் காலையில் போன்.